ஸ்போக்கன் இங்கிலீஷுக்குக் காசு கட்டும் முன்னால் ஒரு கணக்கு

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் நர்சிங் முடித்த பெண்ணிடம் சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். "எப்பம் வெளிய போற?" என்பதுதான் கேள்வி. திங்கள்நகரிலிருந்து கருங்கல் வரை எந்தத் தெருவில் நுழைந்தாலும் சவூதியிலோ அயர்லாந்திலோ லண்டனிலோ நர்ஸ் வேலை பார்க்கும் பெண் ஒருத்தியாவது இருப்பாள். பிஎஸ்சி நர்சிங் முடித்து நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து எனக்கும் அதே கேள்விதான். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஓஇடி என்கிற ஆங்கிலத் தேர்வு எழுதலாம். 500க்குக் கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் 350 வேண்டும். எழுதுவதில் 300 போதும். மற்ற மூன்றையும் ராத்திரி கண் முழித்துப் படித்து ஒப்பேற்றிவிடலாம். பேச்சு அப்படி இல்லை. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்தோம், ஆங்கிலத்தில் பரீட்சை எழுதினோம், பேசியதெல்லாம் தமிழ், ஹாஸ்டலில் மலையாளம். வார்டிலும் அதே கதை. ரவுண்ட்ஸில் வாயிலிருந்து வருவது "பேஷன்ட் ஸ்டேபிள் சார், பிபி நார்மல் சார்" என்பதோடு சரி.

இதைச் சரி செய்யக் கிளம்பி ஏறக்குறைய அரை லட்சம் ரூபாயும் ஒன்றரை வருஷமும் போனது. போகிற வழியில் "இப்படிப் போகாதே பிள்ளே" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. அதனால்தான் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் போனது நாகர்கோவிலில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டருக்கு. பெயர் வேண்டாம். டெமோ வகுப்பில் எட்டுப் பேர்தான் இருந்தோம். ஒரு மேடம் பந்தைத் தூக்கிப் போட்டு, பிடிப்பவர் தன்னைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்றார். சிரித்துச் சிரித்துப் பேசினோம். வெளியே வரும்போதே மொத்தமாகக் கட்டினால் ஆயிரம் ரூபாய் தள்ளுபடி என்றார்கள். அன்றைக்கே 14,500 கட்டினேன். அடுத்த வாரம் பேட்ச் தொடங்கியபோது அறையில் முப்பத்தைந்து பேருக்கு மேல். பந்து போட்ட மேடத்தைக் காணவில்லை. ஒரு சார் வந்து போர்டில் டென்ஸ் அட்டவணை எழுதினார், நாங்கள் நோட்டில் எழுதினோம். நல்ல மனுஷர், இலக்கணத்தைத் தெளிவாகத்தான் நடத்தினார். ஆனால் ஒரு மணி நேரத்தில் அவர் முக்கால் மணி பேசிவிடுவார். மிச்சம் கால் மணி நேரத்தை முப்பத்தைந்து பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு அரை நிமிஷம்கூடத் தேறாது. அந்த அரை நிமிஷத்திலும் "மை நேம் இஸ், ஐ ஆம் ஃப்ரம்" என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுவோம். நைட் ட்யூட்டி வாரங்களில் போக முடியாமல் விட்டுப்போன வகுப்புகளுக்கு ஈடும் கிடையாது. பாதியில் நிறுத்துகிறேன் என்று கேட்டபோது பில்லைத் திருப்பிக் காட்டினார்கள். பின்பக்கத்தில் எறும்பு சைஸ் எழுத்தில் கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது என்று அச்சடித்திருந்தது.

எங்கே சேர்ந்தாலும் சரி, ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அங்கே நீங்கள் வாய் திறக்கப் போவது எத்தனை நிமிஷம்? ஃபீஸை அந்த நிமிஷத்தால் வகுத்தால் தெரிந்துவிடும், காசு எதற்குப் போகிறது என்று. டெமோவை நம்ப வேண்டாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற பேட்சில் ஒரு மணி நேரம் உட்கார விடுவீர்களா என்று கேளுங்கள். மாட்டோம் என்றால் காரணம் இருக்கும். மாதா மாதம் கட்டுங்கள், தள்ளுபடி வேண்டாம். ஷிஃப்ட் வேலை பார்ப்பவர் என்றால் விட்டுப்போகும் வகுப்புக்கு என்ன செய்வார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சொன்னபடி நடத்தாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அப்போது அந்த பில்கூடக் கையில் இல்லை.

அடுத்தது ஒரு ஆப். முகம் தெரியாத ஆட்களோடு ஆங்கிலத்தில் ஃபோன் பேசலாம். இரவு இரண்டு மணிக்கு வார்டு அடங்கியபின் பேச வசதியாக இருந்தது. வியட்நாம் பெண் ஒருத்தி நன்றாகப் பேசினாள். அவளுக்கும் என்னைப் போலத்தான் தடுமாற்றம் என்பதால் கூச்சம் வரவில்லை. ஆனால் அவளைப் போல ஆள் அமைவது அபூர்வம். பத்தில் எட்டு அழைப்பு "மேரீடா, வாட்ஸ்அப் நம்பர் தாங்க" என்றுதான் போகும். ஆப்பை அழித்தேன். அழித்த பிறகும் மாதா மாதம் காசு போய்க்கொண்டிருந்தது. ஆப்பை அழித்தால் ஆட்டோபே, அதாவது மாதா மாதம் தானாகவே காசு எடுக்கிற ஏற்பாடு, நிற்காது. யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதிக்குள் போய் நாமே ரத்து செய்ய வேண்டும். அதைக் கவனிப்பதற்குள் மூவாயிரம் போய்விட்டது. இலவச வாரம் தொடங்குகிற நாளிலேயே ரத்து நாளையும் ஃபோனில் அலாரமாக வைத்துவிடுங்கள்.

அப்புறம் தேர்வு. ஓஇடி பேச்சுத் தேர்வில் ஒரு கார்டு தருவார்கள். அதில் ஒரு சூழ்நிலை இருக்கும். படித்து யோசிக்க மூன்று நிமிஷம். எதிரே இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். ஐந்து நிமிஷம் நாம் நர்ஸாகப் பேச வேண்டும். இப்படி இரண்டு. மதிப்பெண் போடுபவர் அங்கே இருக்க மாட்டார்; பதிவு செய்த குரலைக் கேட்டு வேறு ஒருவர் போடுவார். மொழியை மட்டும் பார்ப்பதும் இல்லை. எதிராளியின் கவலையைக் கேட்டு வாங்கினாயா, பேச்சை ஒழுங்காகக் கொண்டுபோனாயா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. நான் வரிகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எனக்கு வந்தது, இன்சுலின் போட மறுக்கிற ஒரு பெரியவர். சர்க்கரை ஏறினால் கண்ணுக்கும் கிட்னிக்கும் என்ன ஆகும் என்று கடகடவென்று சொல்லி முடித்தேன். அவர் மெதுவாக, "என் அண்ணனுக்கு ஊசி தொடங்கின பிறகுதான் காலை எடுத்தார்கள்" என்றார். என் மனப்பாடத்தில் அண்ணன் இல்லை. வாய் அடைத்துவிட்டது. அந்த மௌனம் எத்தனை வினாடியோ, எனக்கு ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்றது போல இருந்தது. பிறகு நான் மறுபடியும் கிட்னியில் இருந்து தொடங்கினேன்.

பேச்சில் 320 வந்தது. முப்பதாயிரத்துக்கு மேல் ஃபீஸ், திருவனந்தபுரம் போய்வந்த செலவு, சம்பளம் இல்லாத லீவு. லினன் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆங்கிலம் வராதது அவ்வளவு வலிக்கவில்லை. வார்டில் தினமும் தமிழில் செய்கிற வேலையை, பயந்துபோன மனுஷனிடம் "என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று கேட்கிற வேலையை, அங்கே செய்யத் தெரியாதவள் போல நின்றதுதான் வலித்தது. அம்மா "போட்டும் மக்களே" என்றாள். அதே வாரத்தில் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் ரிசல்ட் வந்ததும் சொல்லுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அது ஒருவகையில் நல்லதுதான்.

டீச்சரைச் சந்தித்தது வார்டில்தான். தங்கைக்கு ஆபரேஷன் என்று துணைக்கு இருக்கும் பைஸ்டாண்டராக வந்து தங்கியிருந்தார், ரிட்டயர் ஆன ஆங்கில டீச்சர், தக்கலைக்காரர். நான் ஃபோனில் ரோல்பிளே வீடியோ பார்ப்பதைக் கண்டுவிட்டு, "ஞாயித்துக்கெழம மத்தியானம் வீட்டு மாடியில கொஞ்சம் பேரு கூடுவோம், வா மக்களே. காசெல்லாம் வேண்டாம், தின்ன ஏதாவது கொண்டு வந்தா போரும்" என்றார். போய்ப் பார்த்தால் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை. கப்பல் வேலை இன்டர்வியூவுக்குத் தயாராகிற குளச்சல் பையன் ஒருவன், துணிக்கடையில் பில் போடுகிற பெண், மகனோடு கனடா போகப்போகிற ஒரு அக்கா, சவூதியில் தமாமில் இருந்து திரும்பிய ஒரு அண்ணன், கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர். யாருக்கும் சரளமாக வராது. அதுதான் எனக்கு ஆசுவாசமாக இருந்தது.

டீச்சருடைய மகன் பெங்களூரில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் இருக்கிறார். 1924இல் கலிபோர்னியாவில் தொடங்கிய பழைய அமைப்பு அது. கூட்டத்தில் நேரம் பார்க்க ஒருவர், "ஆ", "ஊம்" என்று இழுப்பதை எண்ண ஒருவர், பேச்சை மதிப்பிட ஒருவர் என்று வேலை பிரித்துக் கொடுப்பார்கள். நேரம் பார்ப்பவர் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அட்டை காட்டுவார். டீச்சர் அந்த ஏற்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மேடை, கைதட்டல் எல்லாம் விட்டுவிட்டார். முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை நேரம் பார்ப்பது. பேச வேண்டாம், அட்டையைத் தூக்கினால் போதும் என்றதால் பயமில்லாமல் உட்கார்ந்தேன். கடைசியில் "யார் எவ்வளவு நேரம் எடுத்தார்கள், அறிக்கை சொல்லு" என்றார். அப்படித்தான் முதல் முறையாகப் பலர் முன்னால், எழுதி வைத்துக்கொள்ளாமல், தொடர்ந்து ஆங்கிலத்தில் பேசினேன். நகரத்தில் இருப்பவர்கள் இந்த மாதிரி கிளப்புகளுக்கு விருந்தினராக இலவசமாகவே போய்ப் பார்க்கலாம். போனால் முதலில் இந்தச் சின்ன வேலைகளைக் கேட்டு வாங்குங்கள்.

டீச்சருடைய இன்னொரு விதி, ஒருவர் பேசும்போது நடுவில் திருத்தக் கூடாது. தப்பை நோட்டில் குறித்து வைத்துக்கொண்டு, முடிந்த பிறகு ஆளுக்கு மூன்று மட்டும் சொல்வார். "பத்து சொன்னா பத்தையும் மறந்துடுவ." என் மூன்றில் ஒன்று பல வாரம் மாறவே இல்லை, நடந்து முடிந்ததை நிகழ்காலத்தில் சொல்லிக்கொண்டே இருப்பேன். சென்டரில் அந்த டென்ஸ் அட்டவணையை அழகாக எழுதியவள்தான்.

விளையாட்டுக்கு வருகிறேன். எல்லா விளையாட்டும் பேச்சை வளர்க்காது. ஸ்கிராபிள் நல்ல விளையாட்டு, ஆனால் அரை மணி நேரம் எல்லோரும் எழுத்தை முறைத்துக்கொண்டு ஊமையாக இருப்போம். வார்த்தைச் சங்கிலி, ஹேங்மேன் இரண்டும் அப்படித்தான். வார்த்தை வரும், வாக்கியம் வராது. கல்லூரி விழாக்களில் நடத்துகிற ஜாம், அதாவது ஒரு நிமிஷம் தடங்கலோ மறுபடி சொல்வதோ இல்லாமல் பேசுவது, தொடக்கத்தில் வேண்டவே வேண்டாம். தடுமாறுகிறவரைத் தடுமாறியதற்காக வெளியேற்றுகிற விளையாட்டு அது. ஓரளவு ஓட்டம் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எங்களுக்குக் கைகொடுத்தது சொல்லக் கூடாத வார்த்தை விளையாட்டு. கடையில் கார்டு செட் கிடைக்கும். ஆனால் அதில் அமெரிக்கச் சாப்பாடும் பேஸ்பாலும்தான் இருக்கும். டீச்சர் எங்களையே எழுதச் சொன்னார். பழைய கல்யாண அழைப்பிதழ்களை வெட்டி, வெறுமையான பக்கத்தில் ஒரு பெயர், கீழே சொல்லக் கூடாத நான்கு வார்த்தைகள். அந்த நான்கையும் சொல்லாமல் விளக்கி, பெயரை மற்றவர்களைக் கண்டுபிடிக்க வைக்க வேண்டும். எனக்கு வந்தது மாத்தூர் தொட்டிப்பாலம். பாலம், தண்ணீர், ஆறு, உயரம் நான்குக்கும் ஆங்கிலத்தில் தடை. எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரம் முழித்தேன். பிறகு "காமராஜர் காலத்துத் திட்டம், 1966இல் கட்டினது, மேலே நடந்தால் எனக்குத் தலை சுற்றும், நடுவில் ஒரு வாய்க்கால் ஓடும், அதனால் கல்குளம், விளவங்கோடு பக்கம் வயல் பிழைத்தது, எங்கள் ஸ்கூல் டூர் ஒவ்வொரு வருஷமும் அங்கேதான்" என்று உடைந்த ஆங்கிலத்தில் கொட்டினேன். ஸ்கூல் டூர் என்றதும் துணிக்கடைப் பெண் கத்திவிட்டாள். அந்த ஒரு நிமிஷத்தில் இலக்கணத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அவளுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான் மண்டையில் இருந்தது. ஒரு வார்த்தை கிடைக்காதபோது அதைச் சுற்றிப் போகிற பழக்கம் இதில்தான் வந்தது. தேர்வறையில் எனக்கு இல்லாமல் போனதும் அதுதான்.

மாஃபியா தெரியுமா? 1986இல் மாஸ்கோவில் ஒரு மாணவர் உருவாக்கியது. கூட்டத்தில் இரண்டு பேர் ரகசியக் குற்றவாளிகள். மற்றவர்கள் விவாதித்துக் கண்டுபிடித்து ஓட்டுப் போட்டு வெளியேற்ற வேண்டும். ஆறேழு பேராவது வேண்டும். ஒரு தப்பும் செய்யாத நம்மைக் குற்றவாளி என்று சொன்னால் வருகிற கோபத்தில் ஆங்கிலம் தானாக வரும். அதிகம் பேசாத கனடா அக்கா அன்றைக்கு எழுந்து நின்றே வாதாடினார். நர்ஸ்களுக்கு நான் சொல்வது ரகசியக் கார்டு. நோயாளியாக நடிப்பவரிடம் மட்டும் ஒரு கார்டு இருக்கும்: பக்கத்து வீட்டுக்காரர் இந்த மருந்தால் செத்தார் என்று நம்புகிறாய், மகனிடம் காசு கேட்கக் கூச்சப்படுகிறாய், இப்படி ஏதாவது. நர்ஸ் கேள்வி கேட்டு அதை வெளியே எடுக்க வேண்டும்; எடுக்காமல் அறிவுரை தொடங்கினால் தோற்றாள். துறை தெரியாதவர்கள் நோயாளியாக நடிப்பதே நல்லது. தமாம் அண்ணன் பிடிவாதக்கார நோயாளியாக நடித்து என்னை அழவிடாத குறை.

இன்னொன்று விளையாட்டு இல்லை, பயிற்சி. ஒரே விஷயத்தை முதல் ஆளிடம் நான்கு நிமிஷம், இரண்டாம் ஆளிடம் மூன்று, மூன்றாம் ஆளிடம் இரண்டு நிமிஷத்தில் சொல்ல வேண்டும். நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் 1989இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஆங்கிலம் கற்பிப்பவர்களிடையே பரவிய முறை என்றார் டீச்சர். குளச்சல் தம்பி கரமடி இழுப்பதைச் சொன்னான். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு வள்ளத்தில் கடலுக்குள் போய், வளைத்து வந்து மறு கயிற்றைக் கரை சேர்ப்பது, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பது. நான்கு நிமிஷமும் போதாமல் திணறினான். இரண்டு நிமிஷத்துக்கு வந்தபோது திணறல் பாதியாகக் குறைந்திருந்தது, ஏனென்றால் எந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னதும் ஒரு காரணம். சோஷியல் மீடியா நன்மை தீமை என்று தலைப்புக் கொடுத்திருந்தால் அவன் வாயே திறந்திருக்க மாட்டான்.

விவாதத் தலைப்பில்தான் பல குழுக்கள் உடைகின்றன. எங்கள் மாவட்டத்தில் சாதி, மதம், கட்சி மூன்றையும் தொட்டால் ஐந்து நிமிஷத்தில் தமிழுக்கு வந்துவிடுவோம், அதுவும் நல்ல தமிழாக இருக்காது. ஆனால் ஊர் விஷயமாக இருக்க வேண்டும். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம், 77 மீட்டருக்கு 37 கோடி, தகுமா தகாதா? பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருக்கிறது, நிர்வாகம் கேரள அரசிடம், அப்படியே இருக்கட்டுமா? நாணயத்தைச் சுண்டிப் பக்கம் முடிவாகும். நம் சொந்தக் கருத்து இல்லை என்பதால் தோற்றாலும் மனஸ்தாபம் வராது.

குழுவில் கெட்டதும் உண்டு. தமாம் அண்ணன் நல்லவர், ஆனால் கம்பெனி கதை தொடங்கினால் இருபது நிமிஷம். சிவப்பு அட்டையைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார். மரியாதைக்கு யாரும் நிறுத்தவில்லை. இரண்டு பேர் வராமல் நின்றுவிட்டார்கள். கடைசியில் டீச்சர் அவரை மூன்று வாரம் தொடர்ந்து நேரம் பார்க்க வைத்தார். இன்னொன்று, தடுமாறுகிறவர்கள் மட்டும் கூடினால் ஒருவர் தப்பு இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளும். டீச்சர் போல ஒருவர் இல்லாத குழு என்றால் பேச்சை ஃபோனில் பதிவு செய்து, வீட்டில் கேட்டு, நீங்களே மூன்று தப்பைக் குறியுங்கள். தன் குரலைக் கேட்க அருவருப்பாகத்தான் இருக்கும், போகப் போகப் பழகிவிடும். தேர்வுக்கு முன் கடைசிக் கட்டத்தில் ஓஇடி தளத்தில் இலவசமாகக் கிடைக்கிற மாதிரிக் கார்டுகளை எடுத்துச் செய்தேன். தனி ஆளிடம் காசு கொடுத்து ஒன்றிரண்டு மாக் டெஸ்டும் எடுத்தேன். அந்தக் காசு வீண் இல்லை, ஏனென்றால் அங்கே நேரம் முழுக்க நான்தான் பேசினேன். இரண்டாம் முறை பேச்சில் 360.

பெண் பிள்ளைகள் இப்படிக் குழுவில் சேரும்போது நேரத்தைப் பாருங்கள். எங்களுடையது மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு முடியும். தக்கலையில் பஸ் ஏறி வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேர்ந்துவிடலாம். வாட்ஸ்அப் குழுவில் பேச்சுப் பயிற்சியை மட்டும் போட வேண்டும், தனியாக மெசேஜ் அனுப்புகிறவரை எடுத்துவிட வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிறகு சொல்வது கஷ்டம். ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் வந்தால் இரண்டாகப் பிரியுங்கள். இல்லாவிட்டால் அந்த நிமிஷக் கணக்கு மறுபடி அரை நிமிஷத்துக்கு வந்து நிற்கும்.

டீச்சர் இப்போது பாதி மாதம் பெங்களூரில் மகனோடு இருக்கிறார். மாடிச் சாவி துணிக்கடைப் பெண்ணிடம். அவர் இல்லாத ஞாயிறுகளில் ஆள் மாற்றி ஆள் நடத்துகிறோம். நடத்துகிறவர் மற்ற யாரையும் விட அதிக நேரம் பேசக் கூடாது என்று புதிதாக ஒரு விதி போட்டிருக்கிறோம். போட்டது தமாம் அண்ணன்தான்.